கெர்னல் கூப்பிடும் ஆளைக் கல்வெட்டில் எழுதுவது எப்படி: உதவி நிரல் பாதையைப் பூட்ட ஒரு வழிகாட்டி

திருப்பூரில் நாலைந்து பனியன் கம்பெனிகளுக்கும் ஒரு சாயப்பட்டறைக்கும் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அந்தச் சாயப்பட்டறை சர்வரில் ஒரே ஒரு கெர்னல் (லினக்ஸின் மையக் கரு) அமைப்பை மாற்றப் போய் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். சரியாகச் செய்தால் ஒரு ஞாயிறு போதும். மீதி இரண்டும் எதில் போயின என்று சொல்லிவிட்டால் உங்களுக்காவது மிச்சமாகும்.

கெர்னல் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஒரு மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலோடு சேர்க்கும் நிரல் துண்டு) வேண்டுமென்றால், அதை ஏற்றும் மாட்ப்ரோப் நிரலைக் கூப்பிடும். ஏதாவது நிரல் செத்து விழுந்தால் அதன் நினைவகப் படத்தை வாங்கிக்கொள்ள இன்னொன்றைக் கூப்பிடும். இப்படிக் கூப்பிடப்படும் எதுவும் ரூட் (எல்லாம் செய்யவல்ல தலைமை யூசர்) அதிகாரத்தோடுதான் ஓடும். யாரைக் கூப்பிடுவது என்ற பாதை நினைவகத்தில், மாற்றி எழுதக்கூடிய இடத்தில் கிடக்கிறது. மில் கேட்டில் சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைத்த பெயர் மாதிரி. கெர்னலில் ஏதோ ஒரு ஓட்டை வழியாக அந்த இடத்தில் நாலு எழுத்து எழுத முடிந்தவன், மாட்ப்ரோப் பாதையை அழித்துவிட்டு டெம்ப் ஃபோல்டரில் இருக்கும் தன் நிரலின் பாதையை எழுதிவிடுவான். பிறகு மாட்யூல் ஏற்றப்படாத வகை சாக்கெட் ஒன்றைச் சாதாரண யூசராகவே திறக்கச் சொன்னால் போதும். கெர்னலே அவன் நிரலை ரூட்டாக ஓட்டிக் கொடுக்கும்.

இதற்கு மருந்து 2017-இல் வந்த 4.11 கெர்னலிலிருந்தே இருக்கிறது. பெயர் ஸ்டேடிக் யூசர்மோட் ஹெல்பர். அதைப் போட்டால், கெர்னல் யாரைக் கூப்பிட நினைத்தாலும் உண்மையில் ஓடுவது நீங்கள் கெர்னலைக் கம்பைல் செய்யும்போது (மூல நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும்போது) குறித்த ஒரே நிரல்தான். அந்தப் பாதை எழுத முடியாத பகுதியில் உட்காரும். கெர்னல் முதலில் கூப்பிட நினைத்த பாதை, அந்த நிரலுக்குப் பூஜ்ஜியமாவது வாதமாக (நிரலை ஓட்டும்போது கூடவே கொடுக்கும் சொற்கள்தான் வாதங்கள், அவற்றில் முதலில் நிற்பது) போய்ச் சேரும். அதைப் பார்த்து உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் நிரலின் வேலை. இனி அதை வாட்ச்மேன் என்றே சொல்கிறேன்.

கட்டளைகளையும் பாதைகளையும் போனில் சொல்வது போலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

பூட் ஃபோல்டரில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பு இருக்கும். அதில் ஸ்டேடிக் யூசர்மோட் ஹெல்பர் என்று தேடுங்கள். நான் பார்த்த டெபியன், உபுண்டு ஆகிய டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வகைகள்) அது அணைத்தே இருந்தது. போட வேண்டுமென்றால் கெர்னலை நீங்களே கம்பைல் செய்யவேண்டும், ஓடும்போதே அமைப்பை மாற்றும் சிஸ்சிடிஎல் வரியில் முடியாது.

"மாட்யூல்ஸ் டிசேபிள்ட் அமைப்பை 1 ஆக்கிவிட்டேனே, போதாதா?" என்று என்னிடம் ஒரு தம்பி கேட்டார். போதாது. அது புது மாட்யூல் ஏறுவதைத்தான் தடுக்கும். மாட்ப்ரோப் பாதையில் இருப்பதைக் கெர்னல் கூப்பிடுவதைத் தடுக்காது. தாக்குபவனுக்கு மாட்யூல் ஏறவேண்டிய அவசியமே இல்லை, தன் நிரல் ஓடினால் சரி. மாட்ப்ரோப் பாதையைக் காலியாக்கி வைத்தாலும் அதே கதைதான். காலியான சிலேட்டிலும் எழுதலாம்.

யாருக்கு வேண்டாம்: வெளியாட்கள் யாரும் லாகின் செய்யாத, கன்டெய்னர் எதுவும் ஓடாத, நீங்கள் ஒருவரே தொடும் பெட்டிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அங்கே மாதாமாதம் அப்டேட் போடுவதே பெரிய புண்ணியம். எங்கள் சாயப்பட்டறை சர்வரில் பில்லிங், லேப், சம்பளம் என்று மூன்று வெண்டர்களின் நிரல்கள் தனித்தனி யூசராக ஓடுகின்றன. அதனால் இறங்கினேன்.

2. காகிதங்கள்

கணினி வேலைக்கு என்ன காகிதம் என்று நினைக்காதீர்கள். என் இரண்டாவது ஞாயிறு போனதே இதில்தான்.

சர்வர் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னல் ஓடினால் சப்போர்ட் கிடையாது என்று சில வெண்டர்கள் எழுதி வைத்திருப்பார்கள். நான் படிக்காமல் மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறது என்று வெண்டரை அழைத்தபோது, "முதல்ல பழைய கெர்னலைப் போடுங்க, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்கள். ஞாயிறு முழுக்கத் திரும்பிப் போட்டுக் காட்டியதில் கழிந்தது. கோளாறு கெர்னலில் இல்லை என்பது வேறு விஷயம். முன்கூட்டியே மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை இதில் செல்லாது.

முதலாளியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாட்ஸப் செய்தியானாலும் போதும். எந்த நாள், எத்தனை மணி நேரம் சர்வர் நிற்கும் என்பது அதில் இருக்கவேண்டும்.

இவற்றோடு, மாற்றத்துக்கு முந்தைய கான்ஃபிக் கோப்பின் நகல், எல்எஸ்மாட் கொடுக்கும் மாட்யூல் பட்டியல், ஃபயர்வால் விதிகளின் நகல். மூன்றையும் பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். சர்வர் எழுந்திருக்காத நேரத்தில் சர்வருக்குள் இருக்கும் நகல் உதவாது.

3. ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

உங்கள் கெர்னல் உண்மையில் யாரையெல்லாம் கூப்பிடுகிறது என்று தெரியாமல் வாட்ச்மேனுக்குப் பட்டியல் கொடுக்க முடியாது. பழைய கெர்னலிலேயே பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவியை நிறுவி, கால் யூசர்மோட்ஹெல்பர் செட்டப் என்ற கெர்னல் செயற்கூறின் மேல் கேப்ரோப் (அது கூப்பிடப்படும்போது சொல்லும் ஒற்றன்) வைத்து, முதல் வாதத்தை எழுத்தாக அச்சிடச் சொல்லுங்கள். வெளியீட்டை ஒரு கோப்பில் சேருங்கள். ஒரு வரிக் கட்டளைதான். சர்வர் ரீபூட் ஆனால் அது நின்றுவிடும், மறுபடி தொடங்குங்கள்.

அந்த வாரத்தில் கட்டாயம் ஒரு சனிக்கிழமை இருக்கட்டும். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். எங்கள் சர்வரில் மற்ற நாள் முழுக்க மாட்ப்ரோப் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. சனி மதியம் சம்பளப் பட்டியல் எடுக்கப் பழைய நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் கோப்பு சேமிக்கும் பெட்டி) என்எஃப்எஸ் பகிர்வு ஃபோல்டரை மவுண்ட் செய்தார்கள், அதாவது சர்வரோடு இணைத்தார்கள், அப்போது ரிக்வெஸ்ட்-கீ என்ற நிரல் தலை காட்டியது. யூசர் பெயரை எண்ணாக மாற்ற அதைக் கெர்னல் கூப்பிடுகிறது. வெள்ளியோடு நிறுத்தியிருந்தால் இது பட்டியலில் வந்தே இருக்காது. கோப்புகள் எல்லாம் நோபடி என்ற உரிமையாளரோடு நின்றிருக்கும்.

செத்த நிரலின் நினைவகப் படம் (கோர் டம்ப்) எங்கே போகும் என்று சொல்லும் கோர் பேட்டர்ன் என்ற அமைப்பையும் பாருங்கள். அதன் முதல் எழுத்து செங்குத்துக் கோடாக இருந்தால், பின்னால் இருப்பது ஒரு நிரலின் பாதை. சர்வரில் நினைவகப் படம் எடுத்து ஆராய்வார் யாருமில்லை என்றால் அந்தக் கோட்டையே எடுத்துவிடுங்கள். பட்டியலில் ஒரு ஆள் குறைவு. உபுண்டுவில் பிழை அறிக்கை சேகரிக்கும் அப்போர்ட் சேவை, சர்வர் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதைத் திரும்ப எழுதிவிடும், அதனால் சேவையையும் நிறுத்தவேண்டும்.

4. வாட்ச்மேன் நிரல்

இதில்தான் முதல் ஞாயிறு போயிற்று. பத்து வரி வேலைதானே என்று ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதினேன். பூஜ்ஜியமாவது வாதத்தில் மாட்ப்ரோப் பாதை வரும் என்று காத்திருந்தால், வந்தது என் ஸ்கிரிப்டின் பெயரேதான்! காரணம் பிறகுதான் புரிந்தது. ஸ்கிரிப்டை ஓட்டும்போது கெர்னல் பூஜ்ஜியமாவது வாதத்தை எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஷெல்லின் பெயரையும் ஸ்கிரிப்டின் பாதையையும் வைக்கிறது. நமக்கு வேண்டிய ஒரே தகவல் அங்கேயே தொலைந்துவிடும். பைத்தான், பெர்ல் எதில் எழுதினாலும் இதே கதிதான். சி-யிலோ ரஸ்டிலோ எழுதி பைனரியாக்குங்கள்.

நிரல் செய்யவேண்டியது: பூஜ்ஜியமாவது வாதத்தை உங்கள் நிலையான பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. பொருந்தினால், பட்டியலில் உள்ள பாதையை எக்ஸெக்விஇ (வேறு நிரலை ஓட்டும் கெர்னல் அழைப்பு) மூலம் ஓட்டு, வாதங்களை அப்படியே கொடு. பொருந்தவில்லையென்றால் டெவ் ஃபோல்டரில் உள்ள கேஎம்எஸ்ஜி-யில் (கெர்னலின் பதிவேடு, டிஎம்எஸ்ஜி கட்டளையில் படிக்கலாம்) ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறு. கோர் டம்ப் நிரலைப் பட்டியலில் வைத்திருந்தால் ஸ்டாண்டர்ட் இன்புட்டைத் தொடாதீர்கள், தரவு அதன் வழியாகத்தான் வருகிறது.

வாதங்களை அப்படியே கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மாட்ப்ரோப் தனி நிரல் இல்லை, கேமாட் என்ற நிரலைக் காட்டும் சிம்லிங்க் (மாற்றுப் பெயர்). எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்பதைப் பூஜ்ஜியமாவது வாதத்தில் பார்த்துத்தான் அது வேலையைத் தீர்மானிக்கிறது. பெயரை மாற்றினால் முழிக்கும்.

இப்போது பலரும் விழும் குழி. "யார் வந்தாலும் விடு" என்று, பூஜ்ஜியமாவது வாதத்தில் இருப்பதை அப்படியே ஓட்டும் நிரலை எழுதினால் நீங்கள் எதையும் பூட்டவில்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரை மட்டும் சரிபார்ப்பதும் போதாது. கோர் பேட்டர்னை மாற்ற முடிந்தவன் அதில் மாட்ப்ரோப் பாதையையே எழுதி, கூடவே பெரிய சி ஆப்ஷனைப் போட்டுத் தன் அமைப்பு ஃபோல்டரைக் காட்டுவான். மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் இன்ஸ்டால் என்று ஒரு வரி எழுதலாம். அதில் எந்த ஷெல் கட்டளையும் போகும், ரூட்டாக ஓடும். வாசலில் அடையாள அட்டை சரி, பையில் அரிவாள்.

ஆகவே மாட்ப்ரோப்புக்கு வாதங்களையும் எண்ணுங்கள். கெர்னல் மாட்யூல் கேட்கும்போது எப்போதும் நான்கே வாதங்கள்: பாதை, ஒற்றைக் கோடு கியூ, இரட்டைக் கோடு, மாட்யூல் பெயர். இந்த வடிவத்தில் இல்லாத எதையும் திருப்பி அனுப்புங்கள். சூழல் மாறிகளையும் வாங்கியதைக் கொடுக்காமல் நீங்களே நிலையாக வையுங்கள். என்னுடைய நிரல் கடைசியில் எழுபது வரிகளில் முடிந்தது.

ஸ்டேடிக் லிங்க் செய்து (தேவையான லைப்ரரிகளை நிரலுக்குள்ளேயே சேர்த்து) கம்பைல் செய்யுங்கள். காரணம் ஆறாவது படியில். எஸ்பின் ஃபோல்டரில் யூசர்மோட்-ஹெல்பர் என்ற பெயரில் வைத்து, உரிமையாளர் ரூட், அனுமதி 755. மேலே உள்ள எந்த ஃபோல்டரிலும் மற்றவர்கள் எழுத முடியக்கூடாது.

5. கெர்னல் கம்பைல்

டெபியன் 13-இல் 6.12 கெர்னலின் மூலத்தை லினக்ஸ்-சோர்ஸ் பொதியாகவே எடுக்கலாம். பழைய கான்ஃபிக்கை நகலெடுத்து, மேக் மெனுகான்ஃபிக் திறந்து, செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் உள்ளே போங்கள். உதவி நிரல் அழைப்புகளை ஒரே பைனரி வழியாக அனுப்பு என்ற வரி இருக்கும். போட்டதும் கீழே பாதை கேட்கும். அதன் முன்னிருப்பு எஸ்பின் கீழ் யூசர்மோட்-ஹெல்பர்தான்.

பாதையைக் காலியாக விட்டால் எல்லா அழைப்பும் அணைந்துவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கெர்னல் தோல்வி என்று சொல்லாது, ஓடி முடிந்தது என்றே நினைத்துக்கொள்ளும். பிழையைத் தேடிப் பிடிக்க நாளாகும். புதியவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

சில டிஸ்ட்ரோ கான்ஃபிக்குகளில் நம்பகச் சாவிகளுக்கு அவர்களுடைய சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருக்கும். உங்களிடம் அது இராது, பாதியில் கம்பைல் நிற்கும். சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்பதைக் காலியாக்குங்கள். டீபக் தகவலையும் அணையுங்கள், இடம் மிச்சம். அதற்கு மேலும் 25 ஜிபி காலி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: நான்கு கோர் பழைய டெஸ்க்டாப்பில் முழு கான்ஃபிக் எனக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுத்தால் அரைமணிக்குள் முடியும். ஆனால் அந்த நேரத்தில் செருகியிருக்காத சாதனங்களின் மாட்யூல்கள் எல்லாம் போய்விடும். சர்வருக்கு அது வேண்டாம், சோதனைப் பெட்டிக்குச் சரி.

உங்கள் ஏரியாவில் மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். எனக்கு நடுவில் கரன்ட் போனது, யூபிஎஸ் பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கியது. மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மை. ஆனால் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் இரண்டு பூஜ்ஜிய பைட்டில் நின்றுவிட்டன. கடைசியில் லிங்க் ஆகும்போது புரியாத பிழை. மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து ஓட்டியதுதான் தீர்வு.

செலவு: சோதனைக்குச் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்புக்கு ஒரு பென்டிரைவ் 400. உங்களிடம் பழைய பெட்டி கிடந்தால் முதல் செலவு இல்லை.

செக்யூர் பூட் (கையெழுத்துள்ள கெர்னலை மட்டும் எழுப்பும் ஏற்பாடு) போட்டிருந்தால் உங்கள் சாவியால் கெர்னலில் கையெழுத்திட்டு, மாக்யூட்டில் மூலம் சாவியைப் பதியவேண்டும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும். அது எஸ்எஸ்ஹெச்-சில் வராது, சர்வர் முன்னால் ஆள் வேண்டும்.

6. இனிட்ராம்எஃப்எஸ்-சில் வாட்ச்மேனை மறக்காதீர்கள்

இனிட்ராம்எஃப்எஸ் என்பது வட்டு கிடைக்கும்வரை கெர்னல் பயன்படுத்தும் சிறு தற்காலிகக் கோப்புத் தொகுப்பு. வட்டு மவுண்ட் ஆவதற்கு முன்பே கெர்னல் மாட்யூல் கேட்கும். அந்த நேரத்தில் எஸ்பின் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்-சின் எஸ்பின். அங்கே வாட்ச்மேன் இல்லையென்றால் கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லை. லக்ஸ் என்கிரிப்ஷன் போட்ட வட்டென்றால், பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் திறக்காமல் போகலாம், ஏனெனில் சங்கேத மாட்யூல்களை அப்போதுதான் கெர்னல் கேட்கிறது.

இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஹுக்ஸ் ஃபோல்டரில் காப்பி எக்ஸெக் அழைக்கும் சிறு ஸ்கிரிப்ட் வைத்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். பிறகு எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்து வாட்ச்மேன் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்டேடிக் லிங்க் செய்திருந்தால் லைப்ரரி எதுவும் தேடாது.

7. சோதனை: பூட் ஆவது சோதனை இல்லை

நான் ஏமாந்த இடம். முதல் முறை வாட்ச்மேன் பாதையில் ஓர் எழுத்துப் பிழை. ஆனால் சர்வர் ஜம்மென்று எழுந்தது. நெட்வொர்க் வந்தது, பில்லிங் திறந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு லேப் தம்பி அழைத்தார்.

"அக்கா, ஷேட் ரெசிபி பென்டிரைவ் சொருகுனா எடுக்க மாட்டேங்குதுங்க்கா. விஃபேட் தெரியாதுங்குது." விஃபேட் என்பது பென்டிரைவின் ஃபைல்சிஸ்டம் வகை.

நெட்வொர்க் கார்டு, யூஎஸ்பி போன்றவற்றின் மாட்யூல்களை, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் சேவை தானே நேரடியாக ஏற்றிவிடுகிறது, கெர்னல் மாட்ப்ரோப்பைக் கூப்பிடுவதில்லை. அதனால் பாதி ஊர் சரியாக இருக்கும். ஃபைல்சிஸ்டம், விபிஎன்-னுக்கான டன் சாதனமும் வயர்கார்டும், ஃபயர்வால் இவற்றைத்தான் கெர்னல் கேட்டு வாங்குகிறது. பென்டிரைவைச் சரிசெய்யப் போன பிறகுதான் பார்த்தேன், ஃபயர்வால் போடும் என்எஃப்டேபிள்ஸ் சேவை சிவப்பில் நின்றது. ஞாயிறு மாலையிலிருந்து ஃபயர்வாலே இல்லாமல் ஓடியிருக்கிறது. டிஎம்எஸ்ஜி-யில் ஒரு வரி புகார் இல்லை.

"ஏனுங் அம்மிணி, பூட்டு போடறேன்னு சொல்லிப்போட்டு கதவையே கழட்டி வெச்சுட்டீங்களா?" என்றார் முதலாளி. பதில் சொல்ல வாயில்லை.

ஆகவே, சோதனைப் பெட்டியில் இவற்றைச் செய்யாமல் சர்வரைத் தொடாதீர்கள்.

நல்லது நடக்கிறதா என்று: பென்டிரைவ் மவுண்ட், ஃபயர்வால் விதிகள் பட்டியல், விபிஎன், என்எஃப்எஸ் ஒவ்வொன்றையும் ரீபூட் ஆன உடனே பாருங்கள். சிஸ்டம்சிடிஎல் கொடுத்துத் தோற்ற சேவைகளின் பட்டியல் காலியாக இருக்கவேண்டும். முன்பு பிரின்ட் எடுத்த மாட்யூல் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கெட்டது நிற்கிறதா என்று: டெம்ப் ஃபோல்டரில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள், ரூட் ஃபோல்டரில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்குவது மட்டுமே அதன் வேலை. ரூட்டாக, ப்ராக் கீழ் சிஸ், கெர்னல், மாட்ப்ரோப் என்ற கோப்பில் அந்த ஸ்கிரிப்டின் பாதையை எழுதுங்கள். பிறகு இல்லாத ஒரு ஃபைல்சிஸ்டம் வகையைச் சொல்லி மவுண்ட் கொடுங்கள். பழைய கெர்னலில் காலிக் கோப்பு முளைக்கும். புதியதில் முளைக்கக்கூடாது, டிஎம்எஸ்ஜி-யில் வாட்ச்மேன் மறுத்த வரி வரவேண்டும். இதைப் பழையதிலும் ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் சோதனையே வேலை செய்கிறதா என்று தெரியாது. முடிந்ததும் ரீபூட் செய்துவிடுங்கள்.

8. சர்வரில் போடும் நாள்

ஞாயிறு காலை. சனி வேண்டாம், சம்பளம். ஏற்றுமதி ஷிப்மென்ட் கிளம்பும் வாரம் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய போனஸ் வாரத்தில் சர்வர் அறைப் பக்கமே போகாதீர்கள். பொங்கல் லீவு நல்ல காலம், தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், நாலைந்து நாள் கையில் இருக்கும்.

பழைய கெர்னலை நீக்காதீர்கள். க்ரப்பில் (பூட் ஆகும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் மெனு) அது இரண்டாவது வரியாக இருக்கட்டும். கம்பைல் முன்பே முடிந்திருந்தால் நிறுவி, ரீபூட் செய்து, ஏழாவது படியின் முதல் பாதியை ஓட்ட இரண்டு மணி நேரம் போதும். நான் நாலு மணி நேரம் என்று சொல்லி வைத்தேன்.

9. பிறகு

உண்மையான செலவு இனிமேல்தான். டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அப்டேட் உங்கள் கெர்னலுக்கு வராது. ஒவ்வொரு முறையும் புது மூலம் எடுத்து, அதே கான்ஃபிக்கில் கம்பைல் செய்து போடவேண்டும். மாதம் அரைநாள் என்று கணக்கு வைத்து ஏஎம்சி தொகையில் சேர்த்துக் கேளுங்கள். அரைநாள் ஒதுக்க முடியாதென்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். அப்டேட் இல்லாத பூட்டிய கெர்னலைவிட, அப்டேட் ஆன பூட்டாத கெர்னல் மேல்.

இன்னொன்று. டிஸ்ட்ரோ கெர்னல் அப்டேட் ஆகி அதன் எண் உங்களுடையதைவிடப் பெரிதானால், க்ரப் அதையே முதலில் எடுக்கும். அடுத்த ரீபூட்டில் சத்தமில்லாமல் பூட்டில்லாத கெர்னல் ஓடும். க்ரப்பில் முன்னிருப்பை நிலையாக வையுங்கள். ஓடும் கெர்னலின் கான்ஃபிக்கில் அந்த வரி இருக்கிறதா என்று தினம் பார்த்து, இல்லையென்றால் மெயில் அனுப்பும் க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடுவது) ஒன்றும் போடுங்கள்.

வாட்ச்மேன் மறுத்த வரிகளைப் பார்க்கும்போது பதறவேண்டாம். என் சர்வரில் இதுவரை வந்தவை எல்லாம் வெண்டர் புதிதாக நிறுவிய ஏதோ ஒன்று கேட்டவைதான். பட்டியலில் சேர்க்கும் முன் அது எதற்கு என்று அவர்களிடம் மெயிலில் கேட்டு, பதிலை அந்த ஃபைலில் செருகி வைக்கிறேன்.

சர்வர் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், நான் ஊரில் இல்லாதபோது சூப்பர்வைசருக்கு: ஸ்விட்ச் போட்டதும் எஸ்கேப் அழுத்து, இரண்டாவது வரியில் போய் என்டர் தட்டு, எனக்கு போன் போடு.